பாட்டைக் கேட்டே தாளத்தையும் வாத்தியத்தையும் பிடிப்பது எப்படி?

பாட்டில் எந்த வாத்தியம் வருகிறது, எந்தத் தாளத்தில் போகிறது என்று தேட ஆரம்பிக்கும் புதியவர்கள் பெரும்பாலும் பாடகரின் குரலைப் பிடித்துக்கொண்டே தேடுகிறார்கள். அதனால்தான் கோட்டை விடுகிறார்கள். குரல் தாளத்துக்கு முந்தும், பிந்தும், இழுக்கும். வாத்தியங்களை மறைக்கவும் செய்யும். தாளத்தை அடியிலிருந்து, அதாவது பேஸிலிருந்து பிடிக்க வேண்டும். வாத்தியத்தை அதன் ஒலி எப்படிக் கிளம்புகிறது, எப்படி அடங்குகிறது என்பதை வைத்துப் பிடிக்க வேண்டும். சுவரம் தெரியாவிட்டாலும் இந்த இரண்டும் வரும்.

முதலில் ஹெட்ஃபோன். நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடித் தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மொபைலின் குட்டி ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தர முடியாது. பேஸின் மேல் அதிர்வுகள் மட்டும் லேசாகக் கேட்கும், அடித்தளம் காணாமல் போய்விடும். விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம், காதை நன்றாக மூடும் சாதாரண ஹெட்ஃபோன் போதும். போனில் 'பேஸ் பூஸ்ட்', 'சரவுண்ட்' போன்றவை ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தாலும் சுருதி மாறாது என்பதால் வேகமான பாட்டுகளுக்கு அது கைகொடுக்கும். 0.5க்குப் போனால் தாள வாத்தியங்களின் அடி மழுங்கி, எல்லாம் ஒன்றுபோலக் கேட்க ஆரம்பிக்கும்.

தாளம்: ஐந்து படிகள்

முதல் படி, தட்டு. பாட்டு ஓடும்போது தன்னால் கால் எங்கே ஆடுகிறதோ அதையே தொடையில் தட்டுங்கள். 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வரும். பெரும்பாலான திரைப்பாட்டுகள் 70க்கும் 140க்கும் நடுவே விழும். உங்கள் கணக்கு 180, 200 என்று போனால் நீங்கள் தட்டையே தட்டவில்லை, அதன் உட்பிரிவைத் தட்டுகிறீர்கள். ஒன்று விட்டு ஒன்று தட்டிப் பாருங்கள்.

இரண்டாம் படி, நடை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே எத்தனை அட்சரம் (சம அளவுள்ள சின்ன எண்ணிக்கை) அடங்குகிறது? வாய்க்குள் 'தகதிமி தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'தகிட தகிட'. எது பாட்டோடு ஒட்டிக்கொண்டு போகிறதோ அதுதான் நடை: நான்கு என்றால் சதுஸ்ரம், மூன்று என்றால் திஸ்ரம். எண்களைச் சொல்லி எண்ண வேண்டாம். 'இரண்டு' என்று சொல்லவே மூன்று அசை ஆகிறது, 'ஏழு' சட்டென்று முடிகிறது. வேகமான பாட்டில் இந்த ஏற்ற இறக்கமே உங்களைத் தாளம் தப்ப வைக்கும். 'தகதிமி' போன்ற சொல்கட்டில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே அளவு. கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இதைக் கையில் வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் ஏனோ வெட்கப்படுகிறார்கள். ஐந்து சொற்கட்டுகளை மனப்பாடம் செய்தால் போதும்: தகிட (3), தகதிமி (4), தக தகிட (5), தகிட தகதிமி (7), தகதிமி தக தகிட (9).

திஸ்ரத்தைப் பழக தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் ஒரு பாட்டு ஏற்கெனவே தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்தை மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டு அரசாணை. மனத்துக்குள் அதைப் பாடிக்கொண்டு 'தகிட தகிட' சொன்னால் ஒட்டும். 'தகதிமி' சொன்னால் முதல் வரி முடிவதற்குள் உதைக்கும். அந்த உதைப்பை ஒருமுறை உணர்ந்துவிட்டால் எந்தப் பாட்டிலும் அடையாளம் தெரியும். டப்பாங்குத்து, கானா வகைப் பாட்டுகளில் பெரும்பாலும் இதே மூன்றன் நடைதான், வேகம் மட்டும் அதிகம். கால் நான்கு நான்காக ஆடினாலும் ஒவ்வொரு காலடிக்குள்ளும் ஒரு தகிட ஓடும். அந்தத் துள்ளல் வருவது அங்கிருந்துதான்.

மூன்றாம் படி, சமம். சுற்று தொடங்கும் அந்த ஒரு தட்டைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது, எனவே இதற்கு நேரம் கொடுங்கள். குரலை மறந்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்: பேஸ் கிடார் எங்கே சுவரத்தை மாற்றுகிறது? கிடாரிலோ கீபோர்டிலோ கார்டு (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுவரங்கள்) எங்கே மாறுகிறது? டிரம்ஸில் ஒரு நீண்ட உருட்டலுக்குப் பிறகு 'ஜ்ஷ்' என்று சிம்பல் எங்கே விழுகிறது? மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் அதுவே சமம். பேஸும் கார்டும் ஒத்துப்போய் சிம்பல் மட்டும் வேறு இடத்தில் விழுந்தால் பேஸை நம்புங்கள். டிரம்மர்கள் வேண்டுமென்றே தள்ளி அடிப்பது உண்டு.

தபலா மட்டும் துணைக்கு வரும் பாட்டில் வேறு தடயம் இருக்கிறது. ஆறு மாத்திரை (எண்ணிக்கை) கொண்ட தாத்ரா தாளத்தின் வழக்கமான ஒரு வடிவம் 'தா தீ னா, னா தீ னா'. முதல் பாதியில் டக்காவின், அதாவது தபலா ஜோடியில் இடக்கையால் வாசிக்கும் பெரிய பாதியின் ஆழ்ந்த ஒலி இருக்கும், இரண்டாம் பாதியில் அது வாயை மூடிக்கொள்ளும். எட்டு மாத்திரை கெஹர்வாவிலும் இப்படித்தான், நடுவில் கீழ் ஒலி வற்றிவிடும். வற்றிய பிறகு அது எங்கே திரும்பி வருகிறது என்று கேளுங்கள். வாசிப்பவர் சுற்று முடிவில் ஒரு சின்ன அலங்காரம் போட்டுச் சமத்தில் வந்து விழுவார், அதுவும் உதவும்.

நான்காம் படி, சமத்திலிருந்து அடுத்த சமம் வரை தட்டுகளை எண்ணுவது. நான்கு, எட்டு என்று வந்தால் ஆதி தாளத்தைக் கையில் போட்டுச் சரிபார்க்கலாம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு–வீச்சு, தட்டு–வீச்சு (வீச்சு என்பது கையைத் திருப்பிப் போடுவது). மூன்று என்றால் இரண்டு தட்டு, ஒரு வீச்சு. கச்சேரிகளில் ரூபகத்தைப் போடும் வழக்கமான முறை அது. ஏழு என்று வந்தால் 1, 4, 6 ஆகிய இடங்களில் தட்டிப் பாருங்கள். மிஸ்ர சாபு அப்படித்தான் நடக்கும், 3+2+2. ஐந்து என்றால் கண்ட சாபு, 2+3.

ஐந்தாம் படி, எடுப்பு. இப்போதுதான் குரலுக்கு வர வேண்டும். பாட்டு சமத்திலேயே தொடங்குகிறதா, முன்னாலா, பின்னாலா? சமத்துக்கு முன் தொடங்கினால் அதீதம், பின் தொடங்கினால் அனாகதம். பிறந்தநாள் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் 'ஹேப்பி'யில் கை தட்டத் தொடங்குவார்கள், ஆனால் சமம் அங்கே இல்லை. அது மூன்று தட்டுச் சுற்று. 'ஹேப்பி' மூன்றாம் தட்டில் இருக்கிறது, 'பர்த்' சமத்தில் விழுகிறது, 'டே' இரண்டு, 'டு' மூன்று, 'யூ' மறுபடி சமம். 'யூ' இரண்டு தட்டு நீளும், அடுத்த 'ஹேப்பி' மூன்றில் வந்து ஒட்டும். இதைக் கையில் போட்டுப் பாடிப் பாருங்கள். சரியாக வந்துவிட்டால் எடுப்பு என்பது என்னவென்று புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கே தப்பும்

ஆறு என்ற எண் நிறையப் பேரை ஏமாற்றும். ஆறு மாத்திரை 'தகிட தகிட' என்று இரண்டாகப் பிரிந்தால் ஒரு பாட்டு, 'தக தக தக' என்று மூன்றாகப் பிரிந்தால் வேறு பாட்டு. ஒரு சுற்றுக்குக் கால் இரண்டு முறை ஆடுகிறதா மூன்று முறை ஆடுகிறதா என்பதே தீர்ப்பு. சில பாட்டுகளில் தபலா மூன்றாகவும் பேஸ் இரண்டாகவும் போகும். அப்போதும் பேஸ் பக்கமே சாயுங்கள், ஆனால் குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள்.

ஏழை எட்டாக எண்ணுவது அடுத்த தவறு. நான்கு நான்காக எண்ணிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு முந்திக்கொண்டு வந்து இடித்தால், பாடகர் தாளம் தப்புகிறார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எண்ணுவதில் ஒன்று அதிகம். அந்த இடறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால் அது ஏழு. எப்போதோ ஒருமுறை வந்தால் இசையமைப்பாளர் அந்த இடத்தில் மட்டும் இரண்டு தட்டைக் கூட்டியோ குறைத்தோ இருக்கிறார். இது திரைப்பாட்டில் சகஜம், குறிப்பாகச் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில்.

ஐந்தைப் பழக 1959இல் வெளியான டேவ் புரூபெக் குவார்டெட்டின் 'டேக் ஃபைவ்' நல்ல தொடக்கம், பியானோ கடைசி வரை சுற்றை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: அதன் பிரிவு 3+2. நம் கண்ட சாபு 2+3. பிலஹரி ராகத்தில் உள்ள 'பரிதான மிச்சிதே' கீர்த்தனையைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அதே ஐந்து வேறு இடத்தில் சாய்வது தெரியும். ஏழுக்கு சியாமா சாஸ்திரியின் 'மரிவேறே கதி'; ஆனந்தபைரவி, மிஸ்ர சாபு, அவசரமில்லாத நடை. மேற்கத்திய ஏழு வேண்டுமென்றால் பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973). அதில் கிடார் தனியாக வாசிக்கும் பகுதி நான்குக்கு மாறிவிடும், அங்கே 'எண்ணிக்கை தவறிவிட்டது' என்று பதற வேண்டாம்.

வாத்தியம்: கிளம்புவதும் அடங்குவதும்

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒரு பியானோ பதிவைத் திருப்பி ஓட விட்டுப் பாருங்கள். அதே சுவரங்கள், அதே அதிர்வெண்கள். ஆனால் கேட்க ஆர்மோனியம் போலவோ அக்கார்டியன் போலவோ இருக்கும். சுத்தியல் தந்தியில் படும் முதல் கணம்தான் 'பியானோ' என்று காதுக்குச் சொல்கிறது. அதனால் ஒலியின் நடுப்பகுதியைக் கேட்டு 'இனிமையாக இருக்கிறது, புல்லாங்குழலாக இருக்கும்' என்று ஊகிப்பதை விட்டுவிட்டு மூன்றே கேள்விகள் கேளுங்கள். எப்படித் தொடங்கியது: தட்டியா, மீட்டியா, ஊதியா, இழைத்தா? தொடங்கிய பின் ஒலி தேய்கிறதா, அப்படியே நிற்கிறதா? ஒரு சுவரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறதா, வழுக்குகிறதா?

தேய்கிறது என்றால் தந்தியை மீட்டியோ தட்டியோ வந்த ஒலி. வீணையில் ஒரே மீட்டில் சுவரம் வளைந்து வளைந்து போகும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் (சுவரத்தின் அசைவு) கொடுப்பதால். சித்தாரும் வளைக்கும், ஆனால் அதில் ஒரு ரீங்காரம் கூடவே இருக்கும். அடியில் ஓடும் தரப் தந்திகள் தாமாக அதிர்வதால் மீட்டு முடிந்த பிறகும் ஒரு மினுமினுப்பு மிஞ்சும். மாண்டலினில் இரண்டிரண்டாக எட்டுத் தந்தி. நீண்ட சுவரம் வேண்டுமென்றால் மேலும் கீழுமாக வேகமாக மீட்டி 'திரிரிரி' என்று நீட்டுவார்கள். அந்த நடுக்கம் கேட்டால் மாண்டலின் என்று தைரியமாக எழுதலாம். சந்தூரிலும் அதே நடுக்கம் வரும். அதில் மீட்டல் இருக்காது, சின்னக் கோலால் தட்டும் 'டிங்' இருக்கும், முந்தைய சுவரங்களின் ஒலி அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து நிற்கும். கிடாரில் நைலான் தந்தி மொத்தமாகவும், உலோகத் தந்தி பளிச்சென்றும் கேட்கும். இடக்கை நகரும்போது உலோகத் தந்தியில் 'க்ரீச்' என்று ஒரு உரசல் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

நிற்கிறது என்றால் மூச்சோ வில்லோ துருத்தியோ. புல்லாங்குழலில் சுவரத்துக்கு முன்னால் லேசான காற்றுச் சத்தம் வரும். நாதஸ்வரத்துக்கும் ஷெனாய்க்கும் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாக்கு) உண்டு, இரண்டும் கொஞ்சம் மூக்கொலி. நாதஸ்வரம் கனத்து, அகன்று, வெளியிலிருந்து வருவது போல ஒலிக்கும், ஷெனாய் மெலிந்து குழையும். திரைப்பாட்டில் கல்யாணக் காட்சி என்றதும் நாதஸ்வரம் என்று எழுதிவிடாதீர்கள், ஷெனாய் வருவதும் உண்டு. கிளாரினெட்டின் கீழ் சுவரங்களில் மரக்குழாய்க்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு வெறுமை இருக்கும். சாக்சஃபோன் அதே சுருதியில் கரகரப்பாக இருக்கும். தனி வயலினில் வில் திரும்பும் இடம் கேட்கும். பத்து இருபது வயலின்கள் சேர்ந்தால் சுவரத்தின் ஓரம் மங்கி, வில் திரும்புவது தெரியாமல் ஒரு விரிப்பாக ஆகிவிடும். ஆர்மோனியத்தால் சுவரத்தை வளைக்க முடியாது. அக்கார்டியனாலும் முடியாது, ஆனால் சற்றே சுருதி விலக்கி வைத்த இரண்டு நாக்குகள் சேர்ந்து ஒலிப்பதால் அதில் ஓர் அலைவு இருக்கும். 1960களின் மெல்லிசைப் பாட்டுகளில் அந்த அலைவு நிறையக் கிடைக்கும், பக்கத்தில் போங்கோவும் இருக்கும்.

தாள வாத்தியங்களில்தான் அதிகக் குழப்பம். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கம்) சுருதி சேர்த்த ஒலியோடு ஓர் உலோகச் சிலிர்ப்பு ஒட்டியிருக்கும், தொப்பியில் (இடப்பக்கம்) ரவைப் பசை தடவியிருப்பதால் கீழ் ஒலி ஈரமாக, கனமாக வரும். தபலாவின் வலது பக்கம் மணி போலத் தெளிவாக நின்று ஒலிக்கும். இடப்பக்க டக்காவில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது 'கும்ம்' என்று ஒலி மேலேறும். டோலக்கிலும் கீழ்ப்பக்கம் வழுக்கும், ஆனால் மேல்பக்கம் கட்டையாக, சுருக்கென்று முடியும். ஒலி வழுக்கவே இல்லை, மேலே கீழே இரண்டு நிலைகளில் துடிப்பாக இருக்கிறது என்றால் போங்கோ.

தவிலில் வலக்கை விரல்களில் கடினமான கூடுகள், இடக்கையில் குச்சி. அதனால் இரண்டு பக்கமும் வெடிப்பாக, ஈவு இரக்கம் இல்லாமல் கேட்கும். பறையில் சிண்டுக்குச்சி, அடிக்குச்சி என இரண்டு. தோலை நெருப்பில் காய்ச்சி இறுக்குவதால் உயர்ந்த, வறண்ட ஒலி, அதற்குள் மெல்லிய குச்சியின் 'சட்' தனியாகத் தெரியும். உறுமியை யாரும் தப்ப விட முடியாது, வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த 'உர்ர்ர்' வேறு எதிலும் இல்லை. உடுக்கையின் நடுக் கயிற்றை அழுத்தி அழுத்தி விடுவதால் சுருதி ஏறி இறங்கும். கடத்தின் ஒலி மண்பானை ஒலியேதான். கஞ்சிராவில் அடியோடு சேர்ந்து காசின் சலங்கை கேட்கும். டிரம் செட்டில் ஹை-ஹாட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஜோடி சிம்பல்) தனியாகக் கேட்கப் பழகுங்கள். அது ஒரு தட்டுக்கு எத்தனை முறை 'டிக்' என்கிறது என்பதே நீங்கள் இரண்டாம் படியில் தேடிய நடை.

வாத்தியமா, கீபோர்டா

யமஹாவின் டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்தது 1983இல். தமிழில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' கணினியில் தாளம் கோத்த படமாகப் பேசப்படுகிறது. அதற்குப் பின்னான பாட்டுகளில் 'இது புல்லாங்குழல்' என்று எழுதும் முன் ஒரு சோதனை வையுங்கள். மூச்சு வாங்க இடம் இருக்கிறதா? ஊதுபவர் 20 விநாடி நிறுத்தாமல் ஊத மாட்டார். ஒரே சுவரம் நான்கு முறை வரும்போது நான்கும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கிறதா? மனிதக் கை அப்படி வாசிக்காது. ஒரு சுவரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கல் இல்லாமல் படிப்படியாக ஏறுகிறதா? இரண்டு கேள்விகளுக்காவது பதில் இயந்திரத்தின் பக்கம் இருந்தால் 'கீபோர்டில் புல்லாங்குழல் ஒலி' என்று எழுதுங்கள். அண்மைக்காலப் பாட்டுகளில் நிஜ வாசிப்பைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டுவதால் காதால் மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாத இடங்கள் இருக்கின்றன. அங்கே கேள்விக்குறி போடுவதே நேர்மை.

படக்காட்சியைச் சாட்சியாக எடுக்கவே கூடாது. கதாநாயகன் கையில் கிடார் இருக்கும், காதில் விழுவது மாண்டலினாக இருக்கும்.

ஒரு பாட்டுக்கு நான்கு முறை

எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்க முயன்றால் எதுவும் நிற்காது. முதல் முறை பேஸ் மட்டும்: தட்டு, நடை, சமம், சுற்று. இரண்டாம் முறை தாள வாத்தியங்கள். எது எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது. மூன்றாம் முறை முன்னிசையும் இடையிசையும், குரல் விலகி நிற்பதால் வாத்தியங்கள் முகம் காட்டுவது அங்கேதான். நான்காம் முறை பல்லவி, சரணத்தின்போது குரலுக்குப் பின்னால். ஹெட்ஃபோனின் இடப்பக்கத்தை மட்டும், பிறகு வலப்பக்கத்தை மட்டும் கேட்டால் ஒளிந்திருக்கும் கிடாரும் வயலினும் வெளியே வரும். இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பதிவுகளில் இந்த வித்தை பலிக்காது.

நோட்டில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்றால்: '1:12, முதல் இடையிசை, மீட்டித் தேய்கிறது, நடுக்கத்தோடு நீள்கிறது, மாண்டலின், உறுதி.' ஊகத்தை மட்டும் எழுதாமல் காரணத்தையும் எழுதினால்தான் பிறகு தவறு எங்கே நடந்தது என்று தெரியும். சரிபார்க்க, அதே பாட்டை மேடையில் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் காணொளியைப் பாருங்கள். மேடையில் வாத்தியம் மாறியிருக்கலாம், மாண்டலின் பகுதியைக் கீபோர்டில் முடித்துவிடுவார்கள். ஆனால் தாளமும் சமமும் மாறாது, டிரம்மரின் வலது காலையும் பேஸ் கிடார்காரரின் விரலையும் பார்த்தால் உங்கள் எண்ணிக்கை சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும்.